தொழுநோய்க் கால்புண்ணில் பாக்டீரியா ஆய்வு: சென்னையில் தொடங்குகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், எம்.டி. ஆய்வேடு, பி.எச்டி. என்று எதற்காகவோ, தொழுநோயால் வந்த ஆறாத கால்புண்களில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்க்க நினைக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். இதே வேலையை நான் சென்னையில் செய்தேன். தலைப்பு முடிவான நாளிலிருந்து முதல் சாம்பிள் கைக்கு வரப் பதினோரு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதமாவது காகிதங்களைத் தப்பான வரிசையில் கொடுத்ததால் போனது. அப்புறம் எடுத்த முதல் பதினான்கு சாம்பிள்களையும் தூக்கிப் போட வேண்டி வந்தது. பதினான்கு பேரின் புண்ணைத் தொட்டும், அவர்களுக்கும் பயனில்லை, ஆய்வுக்கும் பயனில்லை. அது இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

தொழுநோயை உண்டாக்குவது மைக்கோபாக்டீரியம் லெப்ரே. ஆனால் பாதத்துப் புண்ணில் நாம் தேடுவது அதை இல்லை. அது நரம்பைக் கெடுத்துவிடுகிறது, பாதத்தில் உணர்ச்சி போய்விடுகிறது, கல்லோ ஆணியோ செருப்பு வாரோ குத்தினாலும் தெரியாமல் அதே இடத்தை மிதித்து மிதித்து நடப்பதால் புண் ஆகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையை முடித்துப் பல வருடம் ஆனவர்களுக்கும் இந்தப் புண் வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் போன உணர்ச்சி திரும்பி வரவில்லை. அந்தப் புண்ணில் வந்து குடியேறுகிறவை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், புரோட்டியஸ், கிளெப்சியெல்லா, ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆழத்தில் காற்றில்லாமல் வளரும் சில வகைகள். நம் வேலை இவற்றோடுதான். லெப்ரேயைச் செயற்கை ஊடகம் எதிலும் வளர்க்க முடியாது, ஆகவே ஆய்வுத் திட்டத்தில் அதைக் கல்ச்சர் செய்யப் போவதாக ஒரு வரி இருந்தால்கூட முதல் கேள்வி அங்கேயே விழும்.

கட்டுரைகளைத் தேடும்போது புருலி புண்ணைப் பற்றிக் கானா, பெனின் போன்ற நாடுகளிலிருந்து வந்தவை நிறையக் கிடைக்கும். சாம்பிள் எடுக்கும் முறை, பயோஃபிலிம் (கிருமிகள் சேர்ந்து ஒட்டிக்கொண்டு கட்டும் படலம்) பார்க்கும் முறை எல்லாம் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் புண் வேறு. மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் சுரக்கும் மைக்கோலாக்டோன் என்ற நச்சு திசுவையே அழிப்பதால் வருவது அது. நம்முடையது உணர்ச்சி போன பாதத்தில் அழுத்தத்தால் வருவது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள்.

கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எந்தெந்த பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பது எம்.எஸ்சி.க்குப் போதும். பயோஃபிலிம் சேர்த்தால் எம்.டி.க்கு ஆகும். 16எஸ் மரபணு வரிசைப்படுத்தல், அதாவது மரபணுவைப் படித்து எந்த பாக்டீரியா என்று கண்டுபிடிப்பது, பணம் இருக்கிறவர்களுக்கு. எத்தனை பேர் என்ற கணக்கை முதல் நாளே புள்ளியியல் தெரிந்தவரிடம் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். சதவீதம் மட்டும் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கு வழக்கமான சூத்திரம் நான்கு பெருக்கல் பி, பெருக்கல் கியூ, வகுத்தல் பிழையின் வர்க்கம். பி என்பது எதிர்பார்க்கும் சதவீதம், கியூ என்பது நூறில் மீதி. எதிர்பார்க்கும் அளவு 30 சதவீதம், பிழை 10 சதவீதம் என்றால் 84 பேர் வரும். இந்த எண் பின்னால் பட்ஜெட், வண்டி, மாதக் கணக்கு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும்.

2. தடுப்பூசியை இந்த வாரமே ஆரம்பியுங்கள்

புண்ணைத் தொடப் போகும் உங்களுக்கு ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ், 0, 1, 6 மாதம். ஆறு மாதம் ஆகிற வேலை என்பதால் காகிதங்கள் நகரும் காலத்திலேயே முடிந்துவிடும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டு, சீட்டைக் கோப்பில் வையுங்கள்.

3. நோயாளிகள் எங்கே, அனுமதி யாரிடம்

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மாதிரியான பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவுப் புறநோயாளிகள் ஒரு வழி. செங்கல்பட்டு அருகே திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இன்னொரு வழி. வேலூர்ப் பக்கம் போக முடிந்தவர்களுக்குக் கரிகிரியில் ஷிஃபலின் நிலையம் இருக்கிறது. இவை தவிர மறுவாழ்வு இல்லங்களும் குடியிருப்புகளும் உண்டு. அங்கே போக, மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் துணை இயக்குநர் (தொழுநோய்) அலுவலகத்தில் தொடங்குவதுதான் சரியான வாசல். அவர்களிடம் ஆய்வுத் திட்டத்தின் இரண்டு பக்கச் சுருக்கத்தைத் தமிழிலேயே கொடுங்கள். வேலை சீக்கிரம் நடக்கும்.

என் ஐந்து மாதம் போனது இந்தக் கட்டத்தில்தான். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலை வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று நோயாளிகள் இருக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே அவர்களுடைய குழு தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். கேட்டது நியாயம்தான், நான்தான் முன்பே விசாரிக்கவில்லை. அவர்கள் படிவத்தில் இரண்டு மாற்றம் சொன்னார்கள், அந்த மாற்றத்துக்காகக் கல்லூரிக் குழுவிடம் திரும்பப் போய்த் திருத்த ஒப்புதல் வாங்க வேண்டியதாயிற்று. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சாம்பிள் எடுக்கப் போகும் இடத்தின் தலைவரை நேரில் பார்த்து, "உங்கள் குழுவும் பார்க்குமா, எங்கள் குழு போதுமா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு குழுவும் பார்க்கும் என்றால் இரண்டுக்கும் ஒரே வாரத்தில் ஒரே படிவத்தைக் கொடுங்கள்.

வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தாலோ சாம்பிள் வெளிநாடு போவதாக இருந்தாலோ சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். முதல் ஆய்வுக்கு இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

4. நெறிமுறைக் குழு: காகிதங்கள்

நம் வழிகாட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறைகள். முழுதாகப் படிக்க நேரமில்லை என்றாலும் ஒப்புதல், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பற்றிய இரண்டு பகுதிகளையும் கட்டாயம் படியுங்கள். ஒரு குச்சியால் தேய்த்து எடுப்பதுதானே, விரைவுப் பரிசீலனையில் போய்விடும் என்று நான் நினைத்தேன். நம் நோயாளிகள் சமூகம் ஒதுக்கிவைத்தவர்கள், பலர் இல்லத்தை நம்பி வாழ்கிறவர்கள். ஆகவே முழுக் குழுவும் கூடிப் பார்க்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேட்டவை: ஆராய்ச்சிக் குழுவின் ஒப்புதல் (நெறிமுறைக் குழுவுக்கு முன்னால் இது வேண்டும், இதற்கே ஒரு மாதம் போகும்), ஆய்வுத் திட்டம், தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்திலும் தமிழிலும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வேறொருவர் திருப்பி மொழிபெயர்த்த பிரதி, விவரப் படிவம், துறைத் தலைவர்களின் கடிதம், வழிகாட்டியும் நானும் கையெழுத்திட்ட தன்விவரம், நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ், பட்ஜெட், பணம் எங்கிருந்து வருகிறது என்ற அறிக்கை. எல்லாம் பன்னிரண்டு செட். பயிற்சிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், அது ஒன்று இல்லாமல் என் கோப்பு ஒரு கூட்டத்தைத் தவறவிட்டது.

குழு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது, கடைசித் தேதி என்ன என்பதை உறுப்பினர் செயலர் அலுவலகத்தில் கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். ஒரு கூட்டம், திருத்தம், மறு கூட்டம் என்று மூன்று மாதம் வையுங்கள். ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் தேதிக்கு முன்னால் ஒரு சாம்பிள்கூட எடுக்கக் கூடாது. சாம்பிள் எடுத்த பின்னால் அதற்கு ஒப்புதல் எங்கும் கிடைக்காது. ஒரு வருடத்துக்கு மட்டும் ஒப்புதல் என்றால் முடிவதற்குள் நீட்டிப்பு கேளுங்கள்.

5. ஒப்புதல் படிவத்தின் தமிழ்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. என் முதல் படிவத்தில் "நுண்ணுயிரியல் பகுப்பாய்வின் பொருட்டு தங்களின் நாட்பட்ட காயத்திலிருந்து உயிரியல் மாதிரி சேகரிக்கப்படும்" என்று இருந்தது. குழுவில் இருந்த ஒரு பொதுநபர் உறுப்பினர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதை யாருக்கு எழுதினீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திருத்திய படிவத்தில் இப்படி இருந்தது: "உங்கள் காலில் இருக்கும் புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் தேய்த்து எடுப்போம். அதில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்போம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் உங்கள் வைத்தியத்திலோ சாப்பாட்டிலோ தங்குவதிலோ எந்த மாற்றமும் இருக்காது." கடைசி வாக்கியம் முக்கியம். இல்லத்தில் இருக்கிறவர்களுக்கு மறுத்தால் இடம் போய்விடுமோ என்ற பயம் உண்டு. அதை அவர்கள் கேட்க மாட்டார்கள், நாமேதான் சொல்ல வேண்டும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னால் கைரேகை வாங்க வேண்டும். இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. நான் பார்த்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு கட்டைவிரலும் பாதிதான் இருந்தன, மற்ற விரல்கள் மடங்கிப் போயிருந்தன. மேசையில் இருந்த ஸ்டாம்ப் பேடில் அவரால் விரலை வைக்க முடியவில்லை. நான் பேடைத் தூக்கிப் பிடித்தேன். விரலின் மொட்டையான நுனியை அதில் அழுத்தித் தாளில் வைத்தார். ரேகை எதுவும் இல்லாத ஒரு நீலப் பொட்டு விழுந்தது. "இது செல்லுமாம்மா?" என்று கேட்டார். சாட்சி கையெழுத்துப் போட்டதால் குழு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் விரலே இல்லாதவர்களிடம் எதை வாங்குவது என்று நீங்கள் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள், ஒருவரை நம் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு யோசிக்கிற நிலை வரக் கூடாது.

படிவத்திலும் பேச்சிலும் "குஷ்டம்" என்ற சொல் வரவே கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகும் பிரதியில் நோயின் பெயரே பெரிதாகத் தெரியாதபடி "கால்புண் ஆய்வு" என்று தலைப்பு வைத்தோம், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாது என்று இருவர் கேட்டதற்கு அப்புறம். போட்டோ எடுத்தால் புண் மட்டும், பக்கத்தில் ஒரு அளவுகோல். முகம் வேண்டாம்.

6. பணம்

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், இவை எனக்கு ஆனவை. ஊடகத்தோடு வரும் ஸ்வாப் (பஞ்சு சுற்றிய குச்சி) ஒன்று 40 ரூபாய்க்குள். மருந்துச் சோதனைக்கான ஊடகமான முல்லர்-ஹின்டன் அகார் அரைக் கிலோ டப்பா நான்காயிரத்தை ஒட்டி, வரி தனி. மருந்து டிஸ்க்குகள் (மருந்து ஏற்றிய சிறு காகித வட்டுகள்) வகைக்குச் சில நூறு, பதினைந்து வகை வாங்கினால் அதுவே பெரிய தொகை. என் கணக்கில் நான் எழுதவே மறந்தது வண்டி. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நடைக்கு 2,500 ரூபாய், பதினான்கு நடை, 35,000 ரூபாய். இது பட்ஜெட்டில் இல்லாததால் கைக்காசு போனது. நோயாளி தனியாக வர வேண்டியிருந்தால் அவருடைய பஸ் காசையும் சேருங்கள், அதைக் கொடுப்பது நெறிமுறைக்கு உட்பட்டதே.

கல்லூரி மூலமாக வாங்கினால் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் காலம், பில் நகராது. பிப்ரவரிக்குள் வாங்குங்கள் அல்லது மே வரை பொறுங்கள். கண்ணாடிப் பொருட்களும் சாதாரண ரசாயனங்களும் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் விசாரித்து வாங்கலாம். ஆனால் டிஸ்க்குகளை அப்படி வாங்காதீர்கள், ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து தரும் டீலரிடம், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க, ஆய்வுத் திட்டத்தின் சுருக்கத்தைத் தயாராக வைத்திருங்கள்.

7. சாம்பிள் எடுக்கும் காலை

இதை நிதானமாகப் படியுங்கள், என் பதினான்கு சாம்பிள்கள் போனது இதில்தான். புண்ணைத் திறந்ததும் மேலே சீழ் இருந்தது, அதையே தொட்டு எடுத்தேன். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் ஐந்து வகை, ஆறு வகை என்று எல்லாம் வளர்ந்தது. புண்ணின் மேலே, கட்டுத்துணியில், தோலில் இருந்ததெல்லாம் அது. உள்ளே இருக்கிற சதையில் என்ன இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது.

டிரெஸ்ஸிங் அறை திறப்பதற்கு முன்னால் போய்விடுங்கள். நர்ஸ் அக்கா போவிடோன் அயோடின் ஊற்றிக் கழுவிய அப்புறம் எடுத்தால் எதுவும் வளராது, வளராததைப் பார்த்து "கிருமி இல்லை" என்று எழுதிவிடுவோம். இல்லங்களில் இன்னொன்று உண்டு: காலைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைச் சுரண்டி, எண்ணெய் தடவுகிற பழக்கம். பாதத்துக்கு அது மிகவும் நல்லது, ஆனால் ஒரே டப்பில் நாலு பேர் கால் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரில் இருக்கும் சூடோமோனாஸ் எல்லோர் புண்ணிலும் இருக்கும். ஊறவைப்பதற்கு முன்னால் எடுங்கள்.

முந்தைய நாள் கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். பிய்க்காதீர்கள், உப்புக் கரைசல் ஊற்றி ஊற விட்டு எடுங்கள். புண்ணை அதே கரைசலால் நன்றாகக் கழுவுங்கள், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும் அழுகலை ஒதுக்குங்கள். சிவப்பாக, உயிரோடு இருக்கும் சதையில் ஒரு சதுர செ.மீ. இடத்தைப் பாருங்கள். அங்கே ஸ்வாபை வைத்து, உள்ளிருந்து ஈரம் கசிகிற அளவுக்கு அழுத்தி, 5 விநாடி சுழற்றுங்கள். லெவின் முறை என்பது இதுதான். அழுத்தம்தான் இதன் உயிர். தடவி எடுத்தால் பழைய கதைதான். இரண்டு ஸ்வாப் எடுங்கள், முதலாவது கல்ச்சருக்கு, இரண்டாவது கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க.

முதல் முறை அப்படி அழுத்த எனக்குக் கை வரவில்லை. அந்தப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் வலியே தெரியாதே கண்ணு, தைரியமா எடு" என்றார். அதிலிருந்தே ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: நீரிழிவுப் புண்ணைப் போல இங்கேயும் வலி ஓர் அடையாளமே இல்லை. புண்ணில் தொற்று இருக்கிறதா, கிருமி சும்மா தங்கியிருக்கிறதா என்பதைச் சிவப்பு, சூடு, வீக்கம், சீழ், நாற்றம், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டியிருப்பது இவற்றை வைத்துத்தான் டாக்டர் சொல்வார். அவர் சொன்னதை விவரப் படிவத்தில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் உங்கள் பட்டியல் வெறும் பெயர்ப் பட்டியலாக நின்றுவிடும்.

காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா வேண்டுமென்றால் ஸ்வாப் போதாது, டாக்டர் சுரண்டி எடுக்கும் திசுத் துண்டு வேண்டும், அதை உடனே ராபர்ட்சன் வெந்த இறைச்சி ஊடகத்தில் போட வேண்டும். இதை நீங்களே செய்ய முயலாதீர்கள். எலும்பு தெரிகிற புண் என்றால் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

விவரப் படிவத்தில் விட்டுப்போகக் கூடாதவை: புண் பாதத்தில் எங்கே, எவ்வளவு நாளாக, நீள அகலம், இரண்டு வாரத்துக்குள் என்ன ஆன்டிபயாட்டிக், சர்க்கரை அளவு (சென்னையில் இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும்). அப்புறம், சிகிச்சையில் இருப்பவர் என்றால் ரிஃபாம்பிசின் கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டார் என்பது. பெரியவர்களுக்கு மாதத்துக்கு ஒரு முறை 600 மி.கி. கொடுக்கிறார்கள், அது ஸ்டஃபைலோகாக்கஸையும் அடிக்கிற மருந்து. மாத்திரை விழுங்கி மறுநாள் எடுத்த சாம்பிளும் இருபத்தைந்தாம் நாள் எடுத்த சாம்பிளும் ஒன்றாகாது. இந்தக் கட்டம் என் படிவத்தில் இல்லை, பின்னால் ஒவ்வொருவரின் அட்டையாகத் தேடித் தேடி எழுதினேன்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் புறநோயாளிகள் குறைவார்கள், பொங்கல் வாரம் யாரும் வர மாட்டார்கள். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வைத்தால் வேலை ஓடும்.

8. கொண்டு வருவது

ஸ்வாபைக் கொண்டுவர உதவும் ஏமிஸ் ஊடகத்தில் வைத்தாலும் கூடிய சீக்கிரம், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் இழுத்துவிடுவது (தேய்த்துப் பரப்புவது) நல்லது. செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் இந்தக் கணக்கு எப்போதும் நடக்காது. ஆகவே நாங்கள் தட்டுகளை அங்கேயே கொண்டுபோய், ஒரு சுத்தமான அறையில் ஸ்பிரிட் விளக்குப் பக்கத்தில் வைத்து இழுத்துவிட்டு, தட்டுகளோடு திரும்பினோம். அது முடியாவிட்டால் ஸ்வாப்களை மூன்றடுக்குப் பேக்கிங்கில், ஜெல் ஐஸ் உள்ள பெட்டியில் வையுங்கள். வெந்த இறைச்சி ஊடகக் குப்பிகளை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் அவற்றுக்கு ஆகாது. மே மாத வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் ஆகாது. பஸ்ஸிலோ லோக்கல் ரயிலிலோ எடுத்துப் போகவே வேண்டாம்.

9. ஆய்வகத்தில் தட்டுகள்

வளர்ப்பு ஊடகங்களில் ரத்த அகார், மெக்காங்கி அகார் இரண்டும் அடிப்படை. ரத்த அகாருக்கு ஆட்டு ரத்தம் 5 சதவீதம். ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள், அதில் எதிர்ப்பொருளும் சிட்ரேட்டும் இருக்கும், சிவப்பணு உடைவது சரியாகத் தெரியாது, தொற்று அபாயமும் உண்டு.

மறுநாள் காலையில் ரத்த அகாரைத் திறந்தால், குளத்தில் கல் போட்டதுபோல வட்ட வட்டமாக அலை அலையாய்த் தட்டு முழுக்க ஒரு மெல்லிய படலம் பரவியிருக்கலாம். அது புரோட்டியஸ். அதற்கடியில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் புண்களில் இது அடிக்கடி வரும், ஆகவே மேனிடால் சால்ட் அகார் ஒன்றையும் எப்போதும் சேர்த்து இழுங்கள். அதில் உப்பு அதிகம் என்பதால் புரோட்டியஸ் அடங்கும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மஞ்சளாக வளர்ந்து காட்டிக்கொடுக்கும். சூடோமோனாஸுக்குப் பச்சை நிறமும் பழுத்த திராட்சை மாதிரி ஒரு வாசனையும் உண்டு, தானாக வந்தால் சரி, தட்டை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் எந்த பாக்டீரியா என்று அடையாளம் காணும் வழக்கமான சோதனைகள்தான்: கிராம், கேட்டலேஸ், கோயாகுலேஸ், ஆக்ஸிடேஸ், டி.எஸ்.ஐ., இண்டோல், சிட்ரேட், யூரியேஸ். வளர்ந்த ஒவ்வொன்றையும் கிளிசரால் சேர்த்து இரண்டு குப்பிகளில், இரண்டு வெவ்வேறு ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு புயல் நாளில் கரன்ட் போய் ஒரு ஃப்ரீசர் முழுக்கக் கரைந்ததை நான் பார்த்தேன், இரண்டாவது குப்பிகள் இருந்ததால்தான் ஆய்வு பிழைத்தது.

10. மருந்து கேட்கிறதா என்று பார்ப்பது

தரக் கட்டுப்பாட்டுக்கான மூலக் கிருமிகள் முதலில் (ஏ.டி.சி.சி. என்பது அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகம்): ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏ.டி.சி.சி. 25923, ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922, சூடோமோனாஸ் ஏ.டி.சி.சி. 27853. சண்டிகரில் உள்ள கிருமிச் சேமிப்பகமான எம்.டி.சி.சி.யில் விசாரியுங்கள், கடிதம் போட்டுப் பணம் கட்டி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இவை இல்லாமல் எடுத்த எந்த முடிவையும் தேர்வாளர் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது.

எந்த அளவில் மருந்து கேட்கிறது என்று முடிவு செய்ய, அமெரிக்கத் தர அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் எம்100 அட்டவணை, அந்த வருடத்துப் பதிப்பு. வருடா வருடம் மாறும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சீனியர் கொடுத்த பழைய ஜெராக்ஸை வைத்து எழுதாதீர்கள்.

எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) பார்க்க செஃபாக்ஸிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம் 21 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் எதிர்ப்பு இருக்கிறது. இங்கே சென்னைக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சோதனையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் எம்.ஆர்.எஸ்.ஏ. தவறிப் போகலாம். சாதாரண இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. ஏசி இல்லாத அறையில் மே மாத மத்தியானம் அறையே 36, 37 டிகிரி இருந்தால் உள்ளே 35 எப்படி நிற்கும்? உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துக் காலை மாலை எழுதுங்கள், ஏசி அறையில் இருக்கிற இன்குபேட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசின் டிஸ்க் வைத்து முடிவு எழுதக் கூடாது, கொலிஸ்டினுக்கும் டிஸ்க் கூடாது. இரண்டுக்கும் மருந்தைக் குழம்பு ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் முறைதான்.

11. கழிவு

உயிரி மருத்துவக் கழிவு விதிகள், 2016. கல்ச்சர் தட்டுகளை முதலில் ஆட்டோகிளேவ் செய்து, அப்புறம்தான் மஞ்சள் பையில். ஊசி, பிளேடு வெள்ளைக் குத்துபடாத டப்பாவில். இல்லத்தில் எடுத்த கையுறைகளையும் பஞ்சையும் அங்கே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் பையிலேயே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

12. ரிப்போர்ட் திரும்பிப் போக வேண்டும்

விண்ணப்பத்திலேயே "முடிவு சிகிச்சை தரும் டாக்டருக்கு எத்தனை நாளில் போகும்" என்று எழுதுங்கள். நாங்கள் 4 நாள் என்று எழுதினோம், அதைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமையும் தட்டு பார்த்தோம். ஆய்வேட்டுக்கான அட்டவணை தனி, டாக்டருக்கான தாள் தனி: அதில் வளர்ந்தது என்ன, எந்த மருந்து கேட்கும், தொற்று அடையாளம் இல்லாதவர்களுக்கு "மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யவும்" என்ற வரி. கல்ச்சரில் ஏதோ வளர்ந்துவிட்டது என்பதற்காக ஆறுகிற புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடக் கூடாது. இந்தப் புண்ணுக்கு முதல் மருந்து பாதத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது.

நோயாளிக்கும் நேரில் சொல்லுங்கள். தைரியமாக எடு என்று சொன்ன பாட்டிக்கு இரண்டாவது நடையில் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டினேன். எந்த மருந்து என்று அவர் கேட்கவில்லை, செருப்பு எப்போது வரும் என்று கேட்டார். மென்மையான எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புக்கு அவர் பெயர் பட்டியலில் இருந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் விவரப் படிவத்தில் "எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறதா, எப்போது கொடுத்தது" என்ற கட்டத்தையும் சேர்த்தோம். இல்லை என்று வந்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். நீங்கள் முதல் படிவத்திலேயே அந்தக் கட்டத்தைப் போட்டுவிடுங்கள்.